மறியலில் இருந்து வந்தவருக்கு வேலை: சொல்லிச் சேர்வதா, சொல்லாமல் சேர்வதா?

பெப்ரவரி 6, மாலை. கேள்வி (ஜிந்துப்பிட்டி வாசகி)

என் தம்பிக்கு 27 வயது. ஐஸ் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்று, கொழும்பு வெலிக்கடைச் சிறையில் இருந்துவிட்டுப் போன நவம்பரில் வெளியே வந்தான். உள்ளே பேக்கரிப் பகுதியில் வேலை பழகியிருக்கிறான். இன்னொரு பழைய வழக்கு மாளிகாகந்தை நீதிமன்றத்தில் இன்னும் நடக்கிறது. முதலில் மருதானையில் ஒரு கடையில் உண்மையைச் சொல்லி வேலை கேட்டோம். "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள், அனுப்பவில்லை. அடுத்து புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் எங்கள் தெரு ஆள் ஒருவர் முதலாளியின் காதில் போட்டுவிட்டார். அன்று மாலையே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செய்த நாட்களுக்குச் சம்பளமும் தரவில்லை. சொல்லியிருந்தால் சேர்த்திருக்கவே மாட்டார்கள் என்கிறான் தம்பி. சொல்லாததால்தான் விரட்டினார்கள் என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?

பெப்ரவரி 6, இரவு

இரண்டிலும் உண்மை இருக்கிறது, தங்கச்சி. ஆனால் இருவரும் வேலை கிடைக்கும் நாளைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்த்தவரை ஆட்டம் தீர்மானமாவது சேர்ந்த பிறகு வரும் முதல் இரண்டு மாதங்களில்.

கிராண்ட்பாஸில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் அரைத்துப் பொதி செய்யும் ஆலை ஒன்றில் கணக்கும் சம்பளமும் பார்க்கிறேன். இருபது பேருக்குக் கிட்ட வேலை செய்யும் இடம். எங்கள் பெரிய முதலாளி காலமாகிவிட்டார். மறியலில் இருந்து வந்த ஒருவரை முதன்முதலில் சாக்குத் தூக்க எடுத்தவர் அவர்தான். அதன் பிறகு பலர் வந்தார்கள். சிலர் நிலைத்தார்கள், சிலர் போய்விட்டார்கள். இப்போது கோயிலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் ஆட்களை என்னிடம் அனுப்புகிறார்கள். எங்கள் இடத்தில் இடமில்லாவிட்டால் தெரிந்த முதலாளிமாரிடம் நான் போய்ப் பேசுவேன். சுதந்திர தினப் பொது மன்னிப்பில் இந்த வாரம் வீடு வந்தவர்களின் குடும்பங்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சொல்ல வேண்டும். யாரிடம், எப்போது, யார் வாயால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சம்பளம் கொடுக்கும் ஆளிடம் சொல்ல வேண்டும். வாசலில் நிற்கும் கணக்கப்பிள்ளையிடமோ மேற்பார்வையாளரிடமோ முதலில் சொன்னால் அவர் தன் பொறுப்பில் ஒரு முடிவும் எடுக்க மாட்டார். தட்டிக் கழிப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. மருதானையில் உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். வேலை தொடங்கும் முன் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொல்லக் கூடாது. முடிந்தால் முதலாளிக்குத் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். "இவன் இந்த வழக்கில் இவ்வளவு காலம் இருந்தான், இந்த வேலை தெரியும், இன்னொரு வழக்கு நடக்கிறது, நீதிமன்றத் தவணை நாட்கள் இவை, பிரச்சினை வந்தால் எனக்கு அழையுங்கள்." அவ்வளவுதான். அழுகையும் வேண்டாம், கதையும் வேண்டாம். கடைசி வாக்கியம் மட்டும் விட்டுப் போகக் கூடாது. அந்தத் தொலைபேசி எண்ணைப் பார்த்துத்தான் முதலாளிமார் இணங்குகிறார்கள்.

பெப்ரவரி 7

நேற்றைய கேள்வியில் இருந்த சம்பள விஷயம். செய்த நாட்களுக்கான கூலி எந்தக் காரணம் சொல்லி நிறுத்தினாலும் கொடுத்தே ஆக வேண்டியது. மறைத்துச் சேர்ந்தான் என்பது அந்தக் கூலியை வைத்துக்கொள்ள உரிமை தராது. முதலில் யாராவது பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய் அமைதியாகக் கேளுங்கள். தராவிட்டால் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வேலை செய்த நாட்களை ஒரு தாளில் எழுதி, கூட வேலை செய்தவர்களின் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள்.

வேலையையே திரும்பக் கேட்பது கடினம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். அதிலும் முந்தைய 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் நிறுத்தப்பட்டவர் அதற்குள் வர மாட்டார். அந்த முதல் ஆறு மாதம் சட்டமும் கைகொடுக்காத காலம். அதனால்தான் வேறு யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

பெப்ரவரி 9

பொலிஸ் ரிப்போர்ட் கேட்டால் என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கொழும்பில் வேலைக்குப் போகிறவர் முன்னால் வரும் காகிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பயம் பாதி குறையும்.

பொலிஸ் தலைமையகம் கொடுக்கும் நற்சான்றிதழ் பெரும்பாலும் வெளிநாடு போகிறவர்களுக்கானது. குவைத்துக்கோ கட்டாருக்கோ போகும் எண்ணம் இருந்தால் அது கட்டாயம் குறுக்கே வரும். முகவருக்குக் காசு கட்டும் முன்பே இதை யோசியுங்கள். குற்றப்பதிவு இருக்கிறது என்று தெரிந்தும் முற்பணம் வாங்கிக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள்.

உள்ளூரில் மொத்தக் கடை, ஆலை, பேக்கரி, லொறி வேலை என்றால் கேட்பது பெரும்பாலும் அடையாள அட்டைப் பிரதியும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும்தான். அந்தச் சான்றிதழை ஒரு தடவை கையில் எடுத்து நிதானமாகப் படியுங்கள். பெயர், முகவரி, எவ்வளவு காலமாக இந்தப் பிரிவில் வசிக்கிறார், வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று போய்க்கொண்டே இருக்கும். கீழே ஓரிடத்தில் இவர் நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டவரா என்று ஒரு கேள்வி. பொதுப் பணிகளில் ஈடுபடுகிறவரா என்று ஒன்று. அப்புறம் குணநடத்தை. பிரதேச செயலாளரின் ஒப்பமும் சேர்ந்து வரும். தண்டனை பெற்றவர் அந்தக் கேள்விக்கு இல்லை என்று எழுதச் சொல்லிக் கிராம உத்தியோகத்தரை நெருக்காதீர்கள். அவர் அரசாங்க ஊழியர், பொய் எழுதினால் அவர் மாட்டிக்கொள்வார். குணநடத்தை என்ற இடத்தில் அவர் என்ன எழுதுகிறார் என்பது மட்டும் நம் கையில் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் பக்கத்து உத்தியோகத்தர் ஒருவர், வெளியே வந்தவர் சில மாதம் தேவாலய மண்டபத்தில் கதிரை அடுக்கியதையும் டெங்கு ஒழிப்புச் சிரமதானத்துக்கு வந்ததையும் பார்த்திருந்தார். "தற்போது நன்னடத்தை உடையவர்" என்று எழுதிக் கொடுத்தார். குற்றவாளியாகக் காணப்பட்டவர் என்ற வரிக்குக் கீழேயே அந்த வரி இருந்தது. முதலாளி இரண்டையும் வாசித்தார். எடுத்துக்கொண்டார்.

அடையாள அட்டையே இல்லாமல் வெளியே வருகிறவர்கள் பலர். கைதானபோது தொலைந்தது, வீடு மாறியபோது தொலைந்தது, அடகுக்காரனிடம் மாட்டிக்கொண்டது என்று எத்தனையோ. வேலை தேடும் முன் அதைச் செய்யுங்கள். பொலிஸில் முறைப்பாடு, கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பத்தரமுல்லை ஆட்பதிவுத் திணைக்களம் என்று வரிசையாகப் போக வேண்டும். அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை.

பெப்ரவரி 10

வனாத்தமுல்லை வாசகர் ஒருவர் கேட்டதற்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும், ஏனென்றால் நான் 6ஆம் தேதி எழுதியதை இது திருத்துகிறது. அவருடைய அண்ணன் ஒரு வருடத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்து, பிறகு வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். "அவரும் முதலாளியிடம் போய்ச் சொல்ல வேண்டுமா?"

வேண்டியதில்லை. விளக்கமறியல் தண்டனை அல்ல. இலங்கைச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பான்மையோர் தண்டனை விதிக்கப்படாதவர்கள். வழக்கு முடியும்வரை, பிணை கிடைக்கும்வரை, அல்லது பிணைக்காரர் கிடைக்கும்வரை உள்ளே இருப்பவர்கள். நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டவரா என்ற கேள்விக்கு அவர் இல்லை என்று சொல்வது முழு உண்மை. விடுவித்த கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியைப் பதிவாளரிடம் எடுத்து வீட்டில் வைத்திருங்கள். யாராவது வாய்க்கு வந்ததைச் சொன்னால் காட்டுவதற்கு அது போதும்.

இன்னொரு வகையும் உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின்கீழ், குற்றம் நிரூபிக்கப்பட்டாலும் குற்றத்தீர்ப்புக்குப் போகாமல் எச்சரித்தோ நிபந்தனையோடோ நீதவான் விடுவிக்கலாம். 303ஆம் பிரிவின் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை அப்படியல்ல, அதில் குற்றத்தீர்ப்பு உண்டு. வீட்டார் இரண்டையும் "கேஸ் முடிந்துவிட்டது" என்று ஒரே மாதிரிச் சொல்கிறார்கள். எது நடந்தது என்று சட்டத்தரணியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இளம் பிள்ளைக்குச் சிறிய வழக்கு என்றால், "குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போ" என்று அவசரப்படுத்தும் முன், 306ஐக் கேட்டுப் பார்க்க முடியுமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்துவிடுவது பெரிதாகத் தெரியும். அந்தக் குற்றத்தீர்ப்பு அவனோடு பல வருடம் வரும்.

பெப்ரவரி 12

தவணை நாள்.

எங்கள் ஆலையில் பொதி கட்டும் பகுதியில் ஒருவர் இருந்தார். நல்ல கை, சத்தமில்லாத ஆள். மாதத்தில் ஒரு நாள் வர மாட்டார். மறுநாள் வந்தால் ஒரு தடவை வயிற்றுவலி, ஒரு தடவை மாமி செத்துப்போனார், ஒரு தடவை பஸ் இல்லை. சின்ன முதலாளிக்கு ஆத்திரம். "இவர்களுக்கு வேலை கொடுத்தால் இப்படித்தான்" என்று ஆரம்பித்துவிட்டார். நான் வரவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். வராத நாட்கள் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் விழுந்திருந்தன. பின்னேரம் கூப்பிட்டு, "புதுக்கடையா, மாளிகாகந்தையா?" என்று நீதிமன்றத்தின் பெயரை மட்டும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "புதுக்கடை அக்கா" என்றார்.

அவருக்குத் தண்டனை முடிந்த வழக்கு தெரிந்தே வேலை கொடுத்திருந்தோம். நடந்துகொண்டிருந்த இன்னொன்றைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒன்றைப் பொறுத்தவர்கள் இரண்டைப் பொறுப்பார்களா என்ற பயம். காலையில் எட்டரைக்குப் போய் நின்றால் வழக்கு எப்போது கூப்பிடப்படும் என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிடத்தில் அடுத்த தவணை போட்டுவிடுவார்கள், ஆனால் அந்தப் பத்து நிமிடம் பன்னிரண்டு மணிக்கும் வரலாம். போகாமல் விட்டால் பிடியாணை. போனால் ஒரு நாள் கூலி போகும், மறுநாள் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். ஆள் சேரும்போதே தவணைத் துண்டை வாங்கி, அலுவலகக் கலண்டரில் அந்தத் தேதியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். பெயர் எழுத மாட்டேன். முதலாளிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். முதல் நாள் மாலை நானே நினைவூட்டுவேன். வழக்கு சீக்கிரம் முடிந்தால் மத்தியானத்துக்கு மேல் வந்து அரைநாள் போட்டுக்கொள்ளலாம். இதற்கு முதலாளிக்கு ஒரு சதம் செலவில்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகு வயிற்றுவலி சொன்னதே இல்லை.

சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையில் இருப்பவர்களுக்கும் இதே முறைதான். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி சிறைக்குப் பதிலாகச் சம்பளமில்லாத சமூக வேலை செய்கிறவர்கள் இவர்கள். எந்த நாளில் அங்கே போக வேண்டும் என்பதை அதிகாரியிடம் எழுத்தில் வாங்கி முதலாளியிடம் கொடுத்துவிடுங்கள்.

பெப்ரவரி 13

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒரு லொறிச் சாரதி தன் தவணைத் துண்டைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பிவிட்டாராம். "சரி, போய் வா" என்று இரண்டு சொல்லில் பதில் வந்ததாம். மனம் நிறைந்துவிட்டது.

பெப்ரவரி 15

சம்பளம் பற்றி.

மாதச் சம்பளம் என்பது மாத முடிவுவரை சாப்பிடவும் பஸ்ஸில் போகவும் கையில் ஏதோ இருக்கிறவர்களுக்கான ஏற்பாடு. வெலிக்கடையிலிருந்து வந்தவரிடம் அது இருக்காது. வீட்டில் ஏற்கெனவே சட்டத்தரணிக் காசுக்கு வாங்கிய கடன் இருக்கும். முதல் மாதம் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடன் வாங்கினால், யாரிடம் வாங்குவார்? பழைய கூட்டம்தான் கேட்டவுடன் கொடுக்கும். கொடுத்த பிறகு கேட்கவும் செய்யும். பழைய வழிக்குத் திரும்பிப் போனவர்கள் சிலரோடு பின்னால் பேசியிருக்கிறேன். சோற்றுப் பார்சலுக்கு வாங்கிய சில நூறு ரூபாயில்தான் தொடங்கியது என்று சொன்னவர்கள் உண்டு.

ஆகவே முதல் இரண்டு மாதம் வாரக் கூலி, சனிக்கிழமை மாலை, கையில். முதல் வாரம் பஸ் காசு முன்பணம். இதை முதலாளியிடம் சேர்க்கும்போதே பேசி வாங்குங்கள். பிறகு கேட்டால், "வந்த உடனே முன்பணம் கேட்கிறான்" என்று அவன் தலையில் விழும்.

சேமலாப நிதியை முதல் நாளிலிருந்து பதியுங்கள். தற்காலிகம், நாட்கூலி, பயிற்சிக் காலம் என்று எந்தப் பெயர் வைத்தாலும் சட்டப்படி பதிய வேண்டும். சம்பளத்தில் தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதன்மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். மறியலில் இருந்து வந்தவர்தானே, கேட்க மாட்டார் என்று சில இடங்களில் ஏமாற்றுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த அங்கத்துவ இலக்கம் கையில் வந்த நாளில் ஒரு மனிதர் அதைத் தன் பணப்பையில் மகளின் படத்துக்குப் பின்னால் வைத்ததைப் பார்த்தேன். அதுவரை அவர் பெயருக்கு எதிரே இருந்த இலக்கம் எல்லாம் வழக்கு இலக்கம்தான்.

பெப்ரவரி 18

இரண்டு நாளாக ஒரு எதிர்ப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. "முன்கூட்டியே சொல்லச் சொல்வது அநியாயம். முதலாளி கேட்கவே கூடாது என்று சட்டம் வர வேண்டும்." இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

அமெரிக்காவில் அப்படிச் செய்தார்கள். விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் குற்றப்பதிவுக் கேள்வியை எடுத்துவிட வேண்டும் என்ற இயக்கம். ஹவாய் மாநிலம் 1998இலேயே, வேலை தருவதாகச் சொன்ன பிறகுதான் அதைக் கேட்கலாம் என்று சட்டம் போட்டது. ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 2003இல் வெளிவந்த சமூகவியலாளர் தேவா பேஜரின் ஆய்வு நல்ல சாட்சி. மில்வாக்கி நகரில் ஒரே மாதிரித் தகுதியோடு இளைஞர்களை வேலை கேட்க அனுப்பினார். பதிவில்லாத வெள்ளையர்களுக்கு 34 வீதம் அழைப்பு வந்தது, பதிவுள்ள வெள்ளையர்களுக்கு 17. பதிவில்லாத கறுப்பர்களுக்கு 14, பதிவுள்ள கறுப்பர்களுக்கு 5. பதிவுள்ள வெள்ளையரைவிட, பதிவே இல்லாத கறுப்பருக்குக் குறைவு. இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய முகவரிகள்தான் நினைவுக்கு வந்தன. அடையாள அட்டையில், தோட்டம் என்று நாம் சொல்லும் நெருக்கமான குடியிருப்பின் முகவரி இருந்தாலே முகம் மாறும் இடங்கள் கொழும்பில் எத்தனை! அதோடு பெயரும் தமிழாக இருந்து, சிங்களமும் தட்டுத்தடுமாறி வந்தால் கேட்கவே வேண்டாம். வழக்கே இல்லாத பையனையும் வழக்குள்ளவனாகப் பார்க்கிறார்கள்.

பின்னால் வந்த ஓர் ஆய்வு இன்னும் யோசிக்க வைத்தது. நியூ ஜெர்சியிலும் நியூயோர்க் நகரிலும் படிவத்திலிருந்து கேள்வியை எடுப்பதற்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். முன்பு வெள்ளையருக்குக் கறுப்பரைவிட 7 வீதம் கூடுதலாக அழைப்பு வந்த இடங்களில், கேள்வியை எடுத்த பிறகு 43 வீதம் கூடுதலாக வந்தது. கேட்க முடியாத முதலாளிகள் தோலைப் பார்த்து ஊகித்துக்கொண்டார்கள். இங்கே முகவரியைப் பார்த்து ஊகிப்பார்கள்.

ஆகவே சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வரும்வரை, வந்த பிறகும்கூட, முதலாளியின் ஊகத்தை விட நாம் சொல்லும் உண்மை பெரும்பாலும் சிறியது. அவர் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நாம் தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே போனவர் என்று சொல்வோம். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் சிறைக்குப் போகிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம் என்பது பல முதலாளிமாருக்குத் தெரியாது.

பெப்ரவரி 19

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறப்பிடம் என்ற காரணங்களால் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. பழைய தண்டனை அந்தப் பட்டியலில் இல்லை. அடிப்படை உரிமை வழக்கும் அரச நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான், தனியார் கடைக்கு எதிராக அல்ல.

பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி குறிப்பிட்ட காலம் தவறு செய்யாமல் இருந்தால் பல தண்டனைகள் காலாவதியாகிவிடும். பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 டொலருக்கு மேற்படாத தண்டம் என்றால், ஐந்து வருடம் ஒழுங்காக இருந்தவரின் பதிவு காலாவதியாகும். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. இருபது வயதில் செய்ததை ஐம்பது வயதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்முடைய பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது இதைத்தான். சிங்கப்பூரில் 2004இல் மஞ்சள் நாடா இயக்கம் தொடங்கி அரசாங்கமே முதலாளிமாரைத் தேடிப் போனது. இங்கே அதைச் சில தனி மனிதர்கள் செய்துகொண்டிருக்கிறோம்.

பெப்ரவரி 22

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இருந்து வந்தவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்கிறார். விடவில்லை, தயங்கினேன். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தில் பல வருடம் தடுத்து வைக்கப்பட்டு, குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாமலே வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். 2009க்குப் பிறகு புனர்வாழ்வு பெற்று வந்தவர்கள் ஏறக்குறைய 12,000 பேர். ஐஸ் வழக்கில் வந்தவரைப் பற்றி முதலாளி பயப்படுவது கல்லாப்பெட்டிக்காக. இவர்களைப் பற்றிப் பயப்படுவது விசாரிக்க வருகிறவர்களுக்காக. நல்ல வேலைக்காரர் ஒருவரை, சிவில் உடையில் ஆட்கள் இரண்டாவது தடவை கடைக்கு வந்த பிறகு, கண்ணில் நீரோடு அனுப்பிய முதலாளியை எனக்குத் தெரியும். அங்கே கலண்டரில் புள்ளி வைப்பதால் ஒன்றும் ஆகாது. விடுவித்த கட்டளை அல்லது புனர்வாழ்வுச் சான்றிதழின் பிரதி முதலாளியிடமும் இருக்கட்டும். விசாரிக்க வந்தால் வந்தவரின் பெயர், நிலையம், நேரம் மூன்றையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்ய நேர்ந்தால் அது வேண்டும். இதற்கு மேல் எனக்கு அனுபவம் இல்லை. இருப்பவர்கள் எழுதுங்கள்.

பெப்ரவரி 25

ஜிந்துப்பிட்டித் தம்பியைக் கூட்டிக்கொண்டு மட்டக்குளிப் பக்கம் ஒரு பேக்கரிக்குப் போனோம். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாப் பிசைவாயா?" என்றார். பிசைவேன் என்றான். "அப்படியென்றால் நாற்பது பாணுக்கு மா எடு" என்றார். தம்பி விழித்தான். உள்ளே அவன் பழகியது ஆயிரக்கணக்கான வாய்களுக்கு. மூட்டைக் கணக்கில்தான் அளவு தெரியும். நாற்பதுக்கு எவ்வளவு என்று கணக்கு வரவில்லை. முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அவரே அளந்து கொடுத்தார். கை மாவில் பட்டதும் பையன் வேறு ஆளாகிவிட்டான். கிம்புலா பணிஸ் சுருட்டியதைப் பார்த்துவிட்டு முதலாளி என்னிடம், "வரட்டும்" என்றார். வாரக் கூலிக்கும் தவணை நாளுக்கும் ஒத்துக்கொண்டார்.

ஒன்றைக் கவனித்தேன். சோற்றுப் பார்சல் கொடுத்தபோது அவன் உட்காரவில்லை. சுவர் ஓரமாக நின்று, யாரையும் பார்க்காமல், நான்கைந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டான். கை கழுவப் போகவும் கழிவறைக்குப் போகவும், "போகலாமா ஐயா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அசையாமல் நின்றான். வெலிக்கடையிலிருந்து வந்த பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் இதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். ஒட்டாதவன், திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்கள். முதலாளியிடம் தனியாகச் சொல்லிவிட்டு வந்தேன்: மத்தியானம் நீங்கள் சாப்பிட உட்காரும்போது அவனையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 26

மற்ற வேலைக்காரர்களிடமும் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். முதலாளியும், நாளாந்த வேலையைப் பார்க்கும் ஒருவரும் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். கொழும்பு 13, 14, 15இல் யாருக்கும் யாரையும் தெரியாமல் இல்லை. மூட்டை இறக்க வரும் நாட்டாமைகளுக்கு முதலாளிக்கு முன்பே தெரிந்திருக்கும். வேலைக்காரர்கள் அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் போய் வந்திருப்பார். முதலாளிக்குத் தெரியாது என்று அவர்கள் நினைக்கும்போதுதான் அந்தச் செய்தி ஆயுதமாகிறது. முதலாளிக்குத் தெரியும் என்று தெரிந்துவிட்டால் யாரும் காதில் போட வேண்டியதில்லை.

மார்ச் 2

வேலைக் கடிதம் கொடுங்கள். நிறுவனத்தின் பெயருள்ள தாளில், அடையாள அட்டை இலக்கம், வேலை நேரம், முதலாளியின் தொலைபேசி எண், முத்திரை. பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான பொலிஸாரின் யுக்திய நடவடிக்கை தொடங்கியபோது தோட்டங்களில் சுற்றிவளைப்பு நடக்காத கிழமை இல்லை. பழைய பதிவு உள்ளவரைத்தான் முதலில் நிறுத்துவார்கள். பேக்கரி வேலைக்கு விடியப்புறம் மூன்று மணிக்குத் தெருவில் நடக்கிறவர் என்ன சொல்லி நிரூபிப்பார்? எங்கள் ஆள் ஒருவர் ஆர்மர் வீதிச் சந்தியில் அந்தக் கடிதத்தைக் காட்டினார். அங்கிருந்தே முதலாளிக்கு அழைத்துக் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். எப்போதும் இது பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கடிதம் இல்லாமல் போகிறவருக்கு அதுவும் இல்லை.

மார்ச் 6

டாம் வீதியில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி நேரடியாகவே எழுதியிருக்கிறார். "உங்கள் நல்ல மனது சரி, அம்மா. திருடிவிட்டால் யார் தருவது?"

நியாயமான கேள்வி. எங்கள் ஆலையில் ஒருவர் எடுத்தார். சீரக மூட்டைகள். பெரிய முதலாளி அவரை நிறுத்தினார். பொலிஸுக்குப் போவதா என்று அன்று இரவு முழுவதும் வீட்டில் பேசியிருக்கிறார்கள், போகவில்லை. அடுத்த மாதம் வேறொருவர் மறியலில் இருந்து வந்து வேலை கேட்டார். எடுத்தார். "அவன் எடுத்ததற்கு இவன் என்ன செய்வான்?" என்று கேட்டார் பெரிய முதலாளி. எடுக்கப்பட்ட அந்த இரண்டாவது ஆள் இன்று எங்கள் களஞ்சியத்தின் சாவியை வைத்திருக்கிறார்.

அமெரிக்காவில் 1966இலிருந்து அரசாங்கமே இதற்குப் பிணை நிற்கிறது. பதிவுள்ளவரை எடுக்கும் முதலாளிக்கு முதல் ஆறு மாதத்துக்கு 5,000 டொலர்வரை இலவசக் காப்புறுதி. அவர் திருடினால் அது ஈடுகட்டும். முதலாளியின் பயத்தை அவமதிக்காமல், அந்தப் பயத்துக்கு ஒரு விலை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லாததால் நான் சொல்வது இவ்வளவுதான், ஐயா: முதல் ஆறு மாதம் கல்லாவையும் சாவியையும் கொடுக்க வேண்டாம். சுமை, பொதி, உற்பத்தி, லொறி உதவி என்று கொடுங்கள். அவரையும் அது காப்பாற்றும். ஒரு சில்லறை குறைந்தாலும் பழி அவர்மேல் விழாது. எடை போடும்போதும் இருப்பெடுக்கும்போதும் எல்லோருக்கும் ஒரே சோதனை வையுங்கள், அவருக்கு மட்டும் தனிச் சோதனை வேண்டாம். சந்தேகம் வந்தால் ஊருக்குச் சொல்லும் முன் எனக்கு அழையுங்கள்.

மார்ச் 9

டாம் வீதி முதலாளி அழைத்தார். நீண்ட நேரம் பேசினோம். ஒருவரை அனுப்பச் சொல்லியிருக்கிறார். மட்டக்குளிப் பேக்கரியில் சேர்ந்த ஜிந்துப்பிட்டித் தம்பிக்கு முதல் தவணை நாள் வந்து போனது. மத்தியானம் பேக்கரிக்குத் திரும்பிவிட்டான் என்று அவனுடைய அக்கா எழுதியிருக்கிறார்.

என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பற்றிக் கேட்டவருக்கு: வகுப்புக்குப் போகாமலே, தெரிந்த தொழிலைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தில் கேளுங்கள். உள்ளே பழகிய தச்சு, தையல், பேக்கரி எல்லாவற்றுக்கும் இதை முயற்சி செய்யலாம்.

மார்ச் 14

இதுவரை எழுதியது எல்லாம் ஆண்களைப் பற்றி. வெலிக்கடைப் பெண்கள் பிரிவிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் வருவதே குறைவு. வந்தால் தனியாக வருகிறார்கள். கணவன் உள்ளே போனால் மனைவி சோற்றைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். மனைவி உள்ளே போனால் பல வீடுகளில் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. ஆகவே அவருக்கு வேலை மட்டும் போதாது. தங்க ஓர் அறை வேண்டும், பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். வீட்டு வேலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். ஆடைத் தொழிற்சாலைகள் எடுக்கின்றன, ஆனால் இரவு வேலை நேரமும் விடுதி விதிகளும் பிள்ளையோடு இருப்பவருக்குப் பொருந்துவதில்லை.

இப்போது ஒருவர் இருக்கிறார். முப்பத்தைந்து வயதுக்குக் கிட்ட, ஜூக்கி இயந்திரம் நன்றாக ஓட்டுவார், ஓவர்லொக்கும் தெரியும். தமிழும் சிங்களமும் பேசுவார். வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை, தவணையும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், வத்தளைப் பக்கத்தில், பின்னேரம் ஐந்து மணிக்குள் வீட்டுக்குப் போகக்கூடிய தையல் இடம் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். வீட்டுக்கே துணி அனுப்பித் தைத்து வாங்குகிறவர்களாக இருந்தாலும் சரி. முதலாளியிடம் பேச நானே வருகிறேன்.